லென்ஸ் போடும் கணக்கு

லென்ஸ் படத்தைப் பெரிதாக்கும், சரி. அது கணக்கும் போடும்! லேசர் ஒளியில் ஒரு படத்தை லென்ஸின் முன்குவியத்தில் வைத்தால், பின்குவியத் தளத்தில் அதன் ஃபூரியர் உருமாற்றம் விழுகிறது; அதாவது, படம் எந்தெந்த நெருக்கமான, அகலமான கோட்டு வரிசைகளால் ஆனது என்று பிரித்துக் காட்டும் ஒளிக்கோலம். ஒளி கடந்துபோகும் நேரத்திலேயே வேலை முடிந்துவிடும்.

லென்ஸ் முதலில் இப்படிப் பிரித்து, பிறகு சேர்த்துத்தான் படத்தை உண்டாக்குகிறது என்பது ஜெர்மானிய இயற்பியலாளர் அபேயின் கருத்து. அதை 1906இல் போர்ட்டர் என்ற இயற்பியலாளர் சோதித்துக் காட்டிய விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பொருள், ஒரு கம்பிவலை. குவியத் தளத்தில் அதன் உருமாற்றம் வரிசை வரிசையான ஒளிப்புள்ளிகளாக விழும். குவியத் தளத்தில் கிடைவரிசைப் புள்ளிகளை மட்டும் விடும்படி மெல்லிய பிளவு ஒன்றை வைத்து, அதற்கு அப்பால் வலையின் படம் விழும் திரையைப் பார்த்தால், நெடுக்குக் கம்பிகள் மட்டும்தான் இருக்கும். குறுக்குக் கம்பிகளைக் காணோம்! பிளவைத் திருப்புங்கள், குறுக்குக் கம்பிகள் வந்துவிடும், நெடுக்குக் கம்பிகள் போய்விடும். வலையை யாரும் தொடவே இல்லை.

அப்புறம், குவியத் தளத்தின் நடுப்புள்ளியை (படத்தின் சராசரி வெளிச்சம் அது) மட்டும் மறைத்தால் படத்தின் ஓரங்கள் பளிச்சென்று எழுந்து நிற்கும். கணினி இல்லாமல், வெறும் கண்ணாடியும் ஒளியும்!