பட்டியல் விலையை விடுங்கள், அதற்குக் கீழே இருக்கிற வரிகளைப் பாருங்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புது பைக் எடுக்கப் போனால், ஷோரூம் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியல் விலையை, மேசையில் இருக்கிற தம்பியால் குறைக்க ஏலாது. நானும் கேட்டுப் பார்த்தேன், கேட்பதில் தப்பில்லை, ஆனால் எங்கள் திருமலை டவுனிலும் சரி, கந்தளாயிலும் சரி, கிடைத்த பதில் ஒன்றுதான்: "அண்ணா, விலையில நாங்க கை வைக்க ஏலாது, அது கொழும்பில இருந்து வார விலை." அவர் சொல்வது உண்மைதான். பஜாஜ் என்றால் டேவிட் பீரிஸ், யமஹா என்றால் ஏ.எம்.டபிள்யூ., ஹோண்டா என்றால் ஸ்டாஃபோர்ட் என்று ஒவ்வொரு பிராண்டுக்கும் கொழும்பில் ஒரு கம்பனி இருக்கிறது, விலை போடுவது அவர்கள். அந்த விலைக்குள் சுங்க வரி, உற்பத்தி வரி, 18 வீத வற் எல்லாம் ஏற்கனவே ஏறிவிட்டன. ஊர் டீலருக்கு மிஞ்சுவது அதில் சின்னப் பங்கு. அதில் போய் நின்று மணிக்கணக்கில் இழுபறிப்பட்டால் நமக்கும் நேரம் வீண், அந்தத் தம்பிக்கும் எரிச்சல்.

பேச வேண்டியது வேறு இடத்தில். வண்டி கையில் வந்து, பதிவு முடிந்து, காப்புறுதி போட்டு, வீதியில் ஓடும் வரைக்கும் நம் பையில் இருந்து போகிற மொத்தக் காசு இருக்கிறதே, அதற்கும் பட்டியல் விலைக்கும் இடையில்தான் டீலரும் லீசிங்காரரும் காப்புறுதி முகவரும் உழைக்கிறார்கள். உழைக்கட்டும். ஆனால் எதற்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும், முதல் வண்டி எடுக்கிற பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் புது வண்டியே இல்லை. பழைய பைக்கை எடுத்த விலையைவிடக் கூடுதலாக விற்றவர்களை எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் விலை பேசுகிற பழக்கமே போய்விட்டது, வண்டி கிடைத்தால் போதும் என்ற நிலை. இறக்குமதி திறந்த பிறகும் அந்தப் பயம் சனத்திடம் இருக்கிறது. "இப்ப எடுக்காட்டி அடுத்த ஷிப்மென்ட் விலை கூடிடும்" என்று சொன்னால் உடனே கையெழுத்து வைத்துவிடுகிறார்கள். டொலர் ஏறினால் விலை கூடும் என்பது உண்மை. அதற்காகத் தாளில் இருப்பதை வாசிக்காமல் விட வேண்டுமா?

சரி, தாளுக்கு வருவோம். வாய்ப்பேச்சில் விலை கேட்காதீர்கள். ஷோரூம் பெயர் அச்சடித்த தாளில், திகதி போட்டு, ஒவ்வொரு செலவையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதே மொடலுக்குக் கந்தளாயிலும் வவுனியாவிலும் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்புவார்கள், போக வேண்டிய தேவைகூட இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் வரி ஒன்றாகத்தான் இருக்கும். அதற்குக் கீழேதான் வித்தியாசம். கொழும்புக்குப் போனால் மலிவு என்று சொல்வார்கள், அதை நம்பி 250 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். அங்கேயும் அதே பட்டியல்தான், போக வரச் செலவு நம்முடையது.

எனக்கு ஓர் இடத்தில் தந்த தாளில் பதிவுக் கட்டணம் ஒரு வரி, ஆவணக் கட்டணம் ஒரு வரி, அதற்குக் கீழே 'ஹேண்ட்லிங்' என்று இன்னொரு வரி. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "தம்பி, இந்தக் காசு ஆருக்குப் போகுது?" பதிவுக் கட்டணம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகிறது, அதற்கு அரச பற்றுச்சீட்டு உண்டு, நியாயம். ஆவணக் கட்டணம், கொழும்புக்கு ஃபைல் அனுப்புகிற செலவு என்றார், அதுவும் சரி என்று வைத்துக்கொள்வோம். ஹேண்ட்லிங் என்றால் என்ன என்றதும் அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார், உள்ளே போய் மனேஜரிடம் பேசினார், திரும்பி வந்து பேனையால் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். குரல் உயர்த்தவில்லை, சண்டை பிடிக்கவில்லை. கேட்டதுதான் செய்த வேலை.

இலவசம் என்று தருகிற ஹெல்மெட், மழைக்கோட்டு, சீட் கவர் இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹெல்மெட்டில் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் அதை அங்கேயே வைத்துவிட்டு அந்தப் பெறுமதிக்குக் கிராஷ் பார் கேளுங்கள், அல்லது முதல் சர்வீஸ் ஒயிலைக் கேளுங்கள். இலவச சர்வீஸ் என்பது பெரும்பாலும் கூலி மட்டும்தான், ஒயிலுக்கு நாம்தான் காசு கட்டுவோம், ஆகவே ஒயிலைக் கேட்டு வாங்குவது நல்ல பேரம். டீலருக்குப் பட்டியல் விலையைக் குறைப்பதைவிடத் தன் கடையில் இருக்கிற பொருளைத் தருவது சுலபம். மாதக் கடைசியில் போனால் இன்னும் சுலபம், விற்பனைக் கணக்கு முடிக்க வேண்டிய நாட்கள் அவை.

இப்போது பெரிய விஷயம், லீசிங், அதாவது வண்டியைத் தவணைக் கடனில் எடுப்பது. ஷோரூமுக்குள்ளேயே ஒரு மூலையில் லீசிங் மேசை போட்டிருப்பார்கள். "மாதம் இவ்வளவுதான் அண்ணா" என்று தவணையை மட்டும் சொல்வார்கள். தவணையை வைத்து முடிவெடுக்காதீர்கள். வட்டி ஃபிளாட்டா, குறையும் மீதிக்கா என்று கேளுங்கள். ஒரு கணக்கு சொல்கிறேன், நீங்களும் ஃபோனில் போட்டுப் பாருங்கள். நான்கு லட்சம் எடுக்கிறீர்கள், 36 மாதம், 12 வீதம். ஃபிளாட் முறையில் வருடத்துக்கு 48,000 வட்டி, மூன்று வருடத்துக்கு 144,000, மாதத் தவணை 15,111 ரூபாய். அதே 12 வீதம் குறையும் மீதிக்கு என்றால் தவணை சுமார் 13,290, மொத்த வட்டி 78,000 ரூபாயைச் சுற்றி. வீதம் ஒன்று, வித்தியாசம் 65,000 ரூபாய்க்கு மேல். ஏனென்றால் ஃபிளாட்டில் நீங்கள் பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் முழு நான்கு லட்சத்துக்கும் வட்டி எடுக்கிறார்கள். 12 வீத ஃபிளாட் என்று சொல்லப்படுவது குறையும் மீதிக் கணக்கில் 21 வீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஷோரூமில் ஒரு தலைக்கவசத்துக்காக வாதாடுகிற ஆட்கள் இந்த மேசையில் ஒரு கேள்வியும் கேட்காமல் எழும்பி வருவதைப் பார்க்க எனக்கு உண்மையில் மனம் பொறுக்கவில்லை. இதை இவ்வளவு நீட்டி எழுதுவது அதனால்தான்.

முழுத் தவணைப் பட்டியலையும் கேளுங்கள், ஒவ்வொரு மாதமும் எடுத்த கடனில் எவ்வளவு கழிகிறது, வட்டிக்கு எவ்வளவு போகிறது என்று அதில் இருக்கும். முன்கூட்டியே கட்டி முடித்தால் எவ்வளவு விட்டுத் தருவீர்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். "எங்களிட்ட இங்கிலிஷ்லதான் இருக்கு" என்றால், அவசரமில்லை, எடுத்து வையுங்கள், நாளைக்கு வருகிறேன் என்று எழும்பி வாருங்கள். லீசிங் முடியும் வரைக்கும் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் அந்தக் கம்பனியின் பெயர்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அரச உத்தியோகத்தில் இருப்பவர்கள் இந்த மேசைக்கு வர முதல் தங்கள் திணைக்களத்தில் இடர்கடன், அதாவது அரச ஊழியருக்குத் தருகிற கடன், கேட்டுப் பார்ப்பது நல்லது. மற்றவர்கள் மக்கள் வங்கியிலோ இலங்கை வங்கியிலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். வேறு இடத்தில் கேட்ட வீதம் கையில் இருந்தால் லீசிங்காரர் பேசுகிற விதமே மாறுகிறது.

காப்புறுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டப்படி மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம், லீசிங் என்றால் ஃபுல் இன்சூரன்ஸ் கேட்பார்கள். ஷோரூமில் நீட்டுகிற படிவத்தில் கையெழுத்து வைக்க முதல், வெளியே இரண்டு கம்பனியிடம் அதே பெறுமதிக்கு விலை கேளுங்கள். அவ்வளவுதான்.

அப்புறம் வண்டி. தாள் வேலையில் கெட்டிக்காரத்தனம் காட்டிவிட்டு, தருகிற வண்டியைப் பார்க்காமல் எடுத்து வருவதில் பிரயோசனம் இல்லை. என்னோடு வந்தவர் ஜமாலியாவில் கராஜ் வைத்திருக்கும் ஒரு நானா. அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. முதலில் குந்தி இருந்து டயரின் பக்கவாட்டைத் துடைத்து நான்கு இலக்கத்தைக் காட்டினார். "இதப் பாருங்க தம்பி, முன்னுக்கு ரெண்டும் கிழமை, பின்னுக்கு ரெண்டும் வருஷம்." 3524 என்று இருந்தால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் செய்த டயர். பிறகு சங்கிலியைக் கையால் சுற்றிச் செம்மண் நிறம் ஒட்டுகிறதா என்று விரலைப் பார்த்தார், சைலன்சர் போல்ட்டுகளைப் பார்த்தார். நம் ஊர் மூன்று பக்கமும் கடல். உப்புக் காற்றில் வெளியே நிறுத்தி வைத்த வண்டி, ஓடாவிட்டாலும் துருப்பிடிக்கும். எனக்கு முதலில் ஒதுக்கிய வண்டியின் சங்கிலியில் துரு இருந்தது, டயரும் போன வருடத்துக்கு முந்தைய வருடத்தது. நானா சொன்னார், வேறு வண்டி கேளுங்கள், இல்லாவிட்டால் இதற்கு ஏதாவது குறைக்கச் சொல்லுங்கள் என்று. வேறு வண்டி வந்தது. உற்பத்தி ஆண்டு பதிவுப் புத்தகத்தில் ஏறும், நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

முற்பணம் கட்டினால் பற்றுச்சீட்டில் மொடல், நிறம், சேசிஸ் இலக்கம், பேசிய மொத்த விலை, வண்டி தருகிற திகதி எல்லாம் இருக்க வேண்டும். இடையில் பட்டியல் விலை கூடினால் யார் பொறுப்பு என்பதையும் எழுதச் சொல்லுங்கள், முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. இலக்கத் தகடு பிந்தினால் அதுவரை ஓட என்ன கடிதம் தருவார்கள் என்றும் கேட்டு வையுங்கள், பொலிஸ் மறித்தால் காட்ட வேண்டியது அதுதான். எழுதித் தந்த விலையை மாற்றினால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம், எனக்கு அந்தத் தேவை வரவில்லை.

கடைசியில் பட்டியல் விலையில் எனக்கு ஒரு ரூபாயும் குறையவில்லை. ஹேண்ட்லிங் வரி போனது, கிராஷ் பார் வந்தது, காப்புறுதி வெளியே மலிவாகக் கிடைத்தது, லீசிங்கைப் பாதியாகக் குறைத்து மிச்சத்தை வங்கியில் கடனாக எடுத்தேன். வண்டியைக் காளி கோயிலடிக்குக் கொண்டுபோய்த் தேசிக்காய் வைத்து எடுத்த அன்றே, பக்கத்து வீட்டுப் பிள்ளை தனக்கு வந்த விலைத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ஸ்கூட்டர் எடுக்கப் போகிறாள், அதிலும் ஹேண்ட்லிங் வரி இருந்தது. நாளைக்கு அவளோடு போகிறேன், ஆனால் கேள்வியை அவளே கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள்.