கட்டுகஸ்தோட்டையின் காலைப் புகை

மத்திய அதிவேக வீதியின் மூன்றாம் கட்டம் பொத்துஹெரவில் தொடங்கி கலகெதரவில் முடிவதாகத் திட்டம். அங்கிருந்து கண்டிக்கு வரும் வாகனங்கள் பழைய குருணாகல் வீதியில் இறங்கி, கண்டி வாசலில் உள்ள கட்டுகஸ்தோட்டையில் நெரிபடும். மிச்சமாகும் நேரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அங்கே எஞ்சினை நிறுத்தாமல் வரிசையில் நிற்கும் பஸ்ஸின் புகை எங்கே போகும் என்று கேட்பாரில்லை.

போகாது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை, வானம் தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று அடியில் தங்கிவிடும். அதன்மேல் சூடான காற்று, சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. வெயில் ஏறித் தரை சுடும்வரை புகை கிடந்த இடத்திலேயே கிடக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரமும் அதுதான்.

காற்று எவ்வளவு அழுக்கு என்று கைபேசி காட்டும் எண் பெரும்பாலும் ஏ.க்யூ.ஐ எனும் காற்றுத் தரச் சுட்டெண், மைக்ரோகிராம் அல்ல. அமெரிக்க ஏ.க்யூ.ஐ 100 என்றால் கன மீற்றருக்குச் சுமார் 35 மைக்ரோகிராம் பி.எம். 2.5, அதாவது சுவாசப்பையின் ஆழம்வரை போகும் நுண்துகள். 24 மணித்தியாலச் சராசரிக்கு இலங்கை வகுத்த எல்லை 50 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டல் 15. சட்டப்படி சரியாக இருக்கும் காற்று சுவாசப்பைக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. மலிவான உணரிகள் வேறு, பனிமூட்டத் துளியையும் தூசிக் கணக்கில் சேர்த்துவிடும். நுவரெலியாவில் விடிய எண் எகிறினால் முதலில் ஈரப்பதத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணம், கொழும்பு, கண்டி மூன்றும் ஒரே நாளில் ஏறினால் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று கடல் கடந்து கொண்டுவந்தது. கண்டி மட்டும் காலையில் ஏறி மத்தியானம் இறங்கினால் நம்முடைய புகைதான்.

வீதி வேலை நடக்கும் இடத்தில் கதை வேறு. செம்மண் புழுதி தொண்டையை அறுக்கும், ஆனால் பெரும்பகுதி பக்கத்திலேயே விழுந்துவிடும். பயப்பட வேண்டியது கருங்கல் கிரஷர், துளையிடும் மெஷின் பக்கத்து நுண்தூளுக்கு. அதில் சிலிக்கா உண்டு. நெடுநாள் சுவாசித்தால் நுரையீரலில் வடு விழும், மருந்தால் மாறாது. துளையிடும்போதே தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீர் பவுசரும் தூறலாக, அடிக்கடி அடிக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் சேறு டிப்பர் டயரில் ஒட்டித் தார் ரோட்டுக்கு வரும். காய்ந்ததும் சக்கரங்கள் அதை இன்னும் நுண்ணிய தூளாக அரைத்துவிடும்.

ரோட்டோர வீடுகளிலும் லயன்களிலும் காய்ந்த தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ரோட்டுப் பக்க ஜன்னலைக் காலையில் சாத்தி மத்தியானம் திறக்கலாம். உள்ளே விறகடுப்பு எரிந்தால் சாத்தவே கூடாது, அந்தப் புகை இன்னும் மோசம். துணி மாஸ்க் நுண்துகளைப் பெரிதாகத் தடுக்காது. என்95 முகத்தோடு ஒட்டியிருந்தால்தான் பயன்.

முட்டு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு: உறிஞ்சும் மருந்தில் நீலப் பம்ப் வந்த முட்டைத் தணிக்க, பழுப்புப் பம்ப் வராமல் தடுக்க. சுகமாக இருக்கிறதென்று டொக்டரைக் கேட்காமல் பழுப்பை நிறுத்துவதால்தான் பலருக்குப் புகை நாட்களில் முற்றுகிறது.

புதிய இணைப்பு வீதி எதற்காவது சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பார்வைக்கு வந்தால், 30 நாட்களுக்குள் எழுத்தில் கருத்து அனுப்பலாம். காற்றை எந்த மாதம், எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்று கேளுங்கள். ஓகஸ்ட் மத்தியானத்து அளவீடு போதாது. ஜனவரியில், காலை 6 முதல் 9 வரை, கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் எடுத்த பி.எம். 2.5 அளவீடு வேண்டும் என்று இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டே எழுதுங்கள்.