சுவைக்காகவே ஒரு தக்காளிப் பருவம்

இந்தப் பருவம் தொட்டிகள் எல்லாவற்றையும் பாரம்பரியத் தக்காளி ரகங்களுக்கே, அதாவது விதை எடுத்து நட்டால் அதே பழம் தருகிற பழைய ரகங்களுக்கே கொடுத்தேன். எத்தனை கிலோ காய்க்கிறது என்று பார்க்கப் போவதில்லை, வெட்டி வாயில் போட்டால் எப்படி இருக்கிறது என்பது மட்டும்தான் கணக்கு. இப்போது காய்ப்பு முடிகிற நேரம். எதற்கு மறுபடி இடம் கொடுப்பது, எதை விடுவது என்று தெளிவாகச் சொல்கிற அளவுக்குச் சுவைத்தாயிற்று.

விதை தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நேரம் போனது. விதைப் பட்டியலில் எல்லா ரகத்துக்கும் ‘அருமையான சுவை’ என்றே எழுதியிருக்கும். அதை வைத்து ஒன்றும் பிடிபடாது. அதனால் சுவையைப் பிரித்துப் பார்த்தேன். சர்க்கரை, புளிப்பு, மணம் மூன்றும் சேர்ந்ததுதான் தக்காளிச் சுவை. மணத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரிது. புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி க்ளீ குழுவினர் 398 ரகங்களை ஆராய்ந்து 2017-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையில், சுவைக்குக் காரணமான 13 மணப் பொருள்கள் நவீன வணிக ரகங்களில் வெகுவாகக் குறைந்துவிட்டதாகக் காட்டியிருக்கிறார்கள். பழம் பெரிதாகப் பெரிதாகச் சர்க்கரை குறைகிறது என்பதும் அதே ஆய்வில் வந்தது. மகசூலையும் அளவையும் துரத்தியதில் சுவை கை நழுவிப் போயிருக்கிறது.

இன்னொரு விஷயம் தோட்டத்திலேயே கண்ணால் பார்க்கக்கூடியது. பழைய ரகங்களின் காய்க்குக் காம்பைச் சுற்றி அடர்பச்சையில் ஒரு தோள் இருக்கும். கடைத் தக்காளி சீராகச் சிவக்க வேண்டும் என்பதற்காக, அந்தத் தோள் இல்லாத செடிகளையே சுமார் 70 ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். தோளோடு சேர்ந்து போனது பசுங்கணிகங்களை, அதாவது வெயிலை வைத்துச் சர்க்கரை தயாரிக்கும் பச்சை நுண்ணுறுப்புகளை, பெருக்கும் ஒரு மரபணுவின் வேலை. அது வேலை செய்தால் காயே கொஞ்சம் சர்க்கரை தயாரித்துக்கொள்ளும் என்று 2012-இல் கண்டறிந்தார்கள். அதிலிருந்து காய்களின் தோளைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பச்சைத் தோள் உள்ள ரகம் எல்லாம் ருசிக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல அறிகுறி.

கடைசியில் நட்டவை: பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள், பிளாக் கிரிம், கிரீன் ஸீப்ரா, யெல்லோ பேர், ஸ்டூபிட்ஸே. ஒப்பிட்டுப் பார்க்க சன் கோல்டு என்ற செர்ரி வகையும் ஒன்று. சன் கோல்டு ஹைபிரிட்தான், அதாவது முதல் தலைமுறைக் கலப்பு, விதை எடுத்து நட்டால் அதே பழம் வராது; பாரம்பரிய ரகம் இல்லை. கிரீன் ஸீப்ராகூட அவ்வளவு பழையது இல்லை, 1983-இல் டாம் வாக்னர் என்பவர் உருவாக்கியது. ஆனால் பழைய ரகங்களைக் கலந்து நிலைப்படுத்தியதால் விதை எடுத்து நட்டால் அதே பழம் வரும். எனக்கு அது போதும்.

நாற்று பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிராண்டிவைனும் ஸ்டூபிட்ஸேயும் உருளைக்கிழங்குச் செடி மாதிரி பெரிய, ஓரம் வெட்டுப்படாத இலை விடும். ஒரே தட்டில் போட்ட நாற்றுகளில் அவற்றைப் பார்த்த உடனே பிரித்துவிடலாம். நடும்போது தண்டை ஆழமாகப் புதைத்தேன், புதைந்த பகுதியிலும் வேர் விட்டது. எல்லாமே நீளமாக ஏறுகிற வகை, ஆளுயரக் கம்பு இல்லாமல் நடக்காது.

பூத்த பிறகுதான் ரகங்களின் குணம் தெரிந்தது. பகலில் 32 டிகிரி செல்சியசுக்கு மேல், இரவில் 24-க்கு மேல் தொடர்ந்து போனால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். பெரிய பழ ரகங்களுக்கு இது இன்னும் கடுமை. பிராண்டிவைன் சூடான நாள்களில் கொத்துக் கொத்தாகப் பூவைக் கொட்டியது. ஸ்டூபிட்ஸே, செக் நாட்டு ரகம், எல்லாவற்றுக்கும் முன்னால் காய்த்து முடித்து வெயிலிலிருந்து தப்பித்துக்கொண்டது. ஆகவே சுவைக்காகத் தேர்ந்தெடுக்கிறவர்களும் முதலில் தங்கள் பருவத்தின் நீளத்தையும் இரவு வெப்பத்தையும் பார்க்க வேண்டும். பிராண்டிவைன் நாற்று நட்டதிலிருந்து பழுக்க 80 முதல் 100 நாள் கேட்கும். உங்களுக்குக் குளிர்ந்த இரவுகள் அவ்வளவு நாள் கிடைக்காதென்றால், உலகமே புகழ்ந்தாலும் அது உங்களுக்கான ரகம் இல்லை.

சரி, சுவைக்கு வருகிறேன். எல்லாவற்றையும் அறை வெப்பத்தில், முதலில் உப்பில்லாமல், பிறகு ஒரு சிட்டிகை உப்போடு சாப்பிட்டோம். வீட்டில் உள்ளவர்களைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். நிறம் நாக்கை ஏமாற்றும். மஞ்சளைப் பார்த்ததும் ‘புளிப்பில்லை’ என்று சொல்லிவிடுவார்கள், உண்மையில் அப்படி ஒரு விதி கிடையாது.

செரோக்கி பர்ப்பிள்தான் இந்தப் பருவத்தின் பழம். கிரெய்க் லெஹூலியர் என்ற தக்காளி ஆர்வலருக்கு 1990-இல் பெயரில்லாத விதையாகத் தபாலில் வந்து, அவர் வைத்த பெயரில் பரவிய ரகம் இது. பழுத்த பிறகும் பச்சையம் முழுக்க அழியாமல் சிவப்போடு கலந்து நிற்பதால்தான் அந்த மங்கிய ஊதா நிறம். வெட்டினால் சாறு வழிகிறது. முதலில் இனிப்பு, அதன் பின்னால் மெல்லிய புளிப்பு, விழுங்கிய பிறகும் தொண்டையில் நிற்கிற ஒரு கனம். உப்பு போட்டால் அந்தக் கனம் இன்னும் எழுகிறது. விதையைச் சுற்றியுள்ள கூழைத் தனியாகச் சுவைத்துப் பாருங்கள்: புளிப்பும், அந்தக் கனத்தைத் தருகிற குளுட்டமேட் என்ற பொருளும் சதையைவிட அங்கேதான் அதிகம். அந்தக் கூழை வழித்து எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

பிளாக் கிரிம் கிட்டத்தட்ட அதே குடும்பச் சுவை, கொஞ்சம் உப்புக் கரிக்கிற மாதிரி ஒரு சாயல். ஆனால் காய்ந்த மண்ணில் திடீரென்று தண்ணீர் பாய்ந்தால் தோள் வெடித்துவிடுகிறது. நிறம் பாதி திரும்பியதுமே பறித்து அறையில் வைத்தேன். செடியிலேயே பழுத்ததோடு சேர்த்துச் சாப்பிட்டபோது எங்களால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

கிரீன் ஸீப்ரா எனக்குப் பிடித்த புளிப்பு. பச்சைக் கோடுகளுக்கு இடையே மஞ்சள் ஏறி, விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும்போது பறிக்க வேண்டும். இனிப்பு மட்டுமே தேடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. வெறும் சர்க்கரை சீக்கிரம் சலித்துவிடுகிறது, இது சலிக்கவில்லை.

யெல்லோ பேர் பார்க்க அழகு, கொத்துக் கொத்தாகக் காய்த்தது, வாயில் ஒன்றுமில்லை. பாரம்பரியம் என்ற சொல்லே சுவைக்கு உத்தரவாதம் ஆகாது. அதே நேரம், ஹைபிரிட்டான சன் கோல்டு இனிப்பில் எல்லாவற்றையும் தாண்டியது. இதை மறைத்து எழுதுவது நியாயமில்லை.

பிராண்டிவைன் கடைசியாக வந்தது, கைக்கு எட்டியவையே சில பழங்கள்தான். தோலில் மஞ்சள் நிறமி இல்லாததால் வெளியே ரோஜா நிறம், உள்ளே வெண்ணெய் போன்ற சதை, இனிப்பும் புளிப்பும் சரிக்குச் சரி. செரோக்கி பர்ப்பிளுக்கு இணையானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பிடித்துக்கொண்ட இடத்தில் செரோக்கி பர்ப்பிள் பல மடங்கு தந்திருக்கும்.

எந்த ரகமானாலும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். 5 டிகிரியில் ஒரு வாரம் இருந்தால் சர்க்கரையும் புளிப்பும் அப்படியே இருக்கும், மணத்தைத் தயாரிக்கும் மரபணுக்கள் அடங்கிவிடும். வெளியே எடுத்து வைத்தாலும் முழுக்கத் திரும்புவதில்லை என்று 2016-இல் வந்த ஆய்வு சொல்கிறது.

அப்புறம் விதை. ஒரே ரகத்துச் செடிகளுக்குள்ளும் சுவை கொஞ்சம் மாறுகிறது. செரோக்கி பர்ப்பிளில் எல்லோரும் திரும்பக் கேட்ட செடிக்கு நூல் கட்டி, அதன் நடுப்பருவப் பழங்களில் மட்டும் விதை எடுத்தேன். கூழோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால் விதையைச் சுற்றிய வழுவழுப்பு கரைந்து, நல்ல விதை அடியில் தங்கும். கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். தக்காளிப் பூ பெரும்பாலும் தன்னைத் தானே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும். ஆனால் பிராண்டிவைன் மாதிரி சில ரகங்களில் சூல்முடி (மகரந்தம் வந்து ஒட்டும் நுனி) வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் தேனீ வழியாகக் கலப்பு நேரலாம். அப்படிப்பட்ட பூங்கொத்துக்கு, பூ விரிவதற்கு முன்பே மெல்லிய வலைத்துணிப் பை கட்டிவிட வேண்டும்.

அடுத்த பருவம் செரோக்கி பர்ப்பிளுக்குப் பாதி இடம், எடுத்த விதையிலிருந்தே. கிரீன் ஸீப்ராவும் ஸ்டூபிட்ஸேயும் தொடரும், பிளாக் கிரிம் ஒரு செடி. யெல்லோ பேர் இருந்த தொட்டியில் சான் மார்சானோ: கூழ் குறைவு, பச்சையாகச் சாப்பிடச் சுமார்தான், சமைத்தால் சுவை திரண்டு வரும் என்று பெயர் பெற்றது. பிராண்டிவைனை இந்த முறை முன்கூட்டியே விதைத்து, பூக்கிற வாரங்கள் குளிருக்குள் விழும்படி பார்க்கப் போகிறேன்.