மண்டி மாடியில் ஒரு கணினிக் கூட்டம்
கிருஷ்ணகிரி என்றதும் எல்லோரும் மாம்பழத்தைத்தான் கேட்கிறார்கள். எனக்கோ ஒரு மாங்காய் மண்டியின் மாடியறைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரான சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் அங்கே கூடி, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிவந்த பழைய பாகங்களைக் கொண்டு கணினிகளை உருவாக்கிக்கொண்டிருந்தோம். அந்நாளில் உபுண்டு என்னும் கணினி இயங்குதளத்தின் குறுந்தகடுகளைக் கேட்டவர்களுக்கு இலவசமாகவே அஞ்சலில் அனுப்பினார்கள். அந்த உறை வந்த அன்று தபால்காரருக்கும் சேர்த்தே தேநீர் சொன்னோம்.

நிறுவல் பாதியில் இருக்கும்போதுதான் மின்சாரம் போகும். வன்தட்டின் சேமிப்பிடத்தைப் பகுதிகளாகப் பிரிக்கையில் நான் செய்த பிழையால் நண்பனின் அக்காள் திருமணப் படங்கள் மொத்தமும் அழிந்தன. இன்றும் அவர் என்னைக் கண்டால், "வாப்பா, போட்டோக்காரா" என்றுதான் அழைக்கிறார்.

மண்டிக்காரர் எங்களிடம் வாடகை வாங்கியதில்லை. அதற்கு ஈடாக, அவருடைய பேரன் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்யும்படி, செந்தூரா, பெங்களூரா, அல்போன்சா, மல்கோவா என்று ரகவாரியாக வரவு எழுதும் அட்டவணை ஒன்றைச் செய்து கொடுத்தோம். பெரியவர் அதை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, பழையபடி சிவப்பு நோட்டிலேயே எழுதினார்.