இரண்டாவது விருப்பம்

ஈரோட்டில் என்னிடம் கணக்கு கொண்டுவருகிறவர்களுக்கு நான் ‘ஆடிட்டரம்மா’. மஞ்சள் மண்டி, விசைத்தறி, ஜவுளிச் சந்தைக் கடை என்று எல்லாமே சிறிய, நடுத்தரத் தொழில்கள். நானும் உதவியாளர்கள் இரண்டு பேரும் சேர்ந்ததுதான் அலுவலகம். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்த பிறகு ஓராண்டு முழுக்க நாங்கள் சரியாகத் தூங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான், 2018-ல், இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் கவுன்சில் தேர்தலில் நிற்கச் சொன்னார் சேலத்து மூத்த ஆடிட்டர் ஒருவர்.

“நீ ஜெயிப்பேன்னு நான் சொல்லலம்மா. நின்னா நாலு ஊர் ஆடிட்டருங்க என்ன நெனைக்கிறாங்கன்னு தெரியும். அதுக்காகவாவது நில்லு” என்றார்.

இரண்டு வாரம் யோசித்தேன். தென் மண்டலம் என்றால் தமிழ்நாடு, புதுச்சேரி மட்டுமில்லை. கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, லட்சத்தீவு எல்லாம் சேர்ந்தது. காசர்கோட்டிலிருந்து ஸ்ரீகாகுளம் வரை வாக்காளர்கள். ஈரோட்டைத் தாண்டினால் என்னை யாருக்குத் தெரியும்? அப்போது ஒரு பழைய ஆண்டு மலரில் ஆர். சிவபோகம் அவர்களைப் பற்றிப் படித்தேன். சுதந்திரப் போராட்டத்தில் வேலூர் சிறையில் இருந்தவர். 1933-ல் இந்தியாவின் முதல் பெண் கணக்காளராகத் தகுதி பெற்றவர். 1955 முதல் 1958 வரை இதே மண்டலக் கவுன்சிலுக்குத் தலைவராக இருந்திருக்கிறார். ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் என்கிற கட்டாயப் பயிற்சியை நான் செய்த காலத்தில் யாரும் அந்தப் பெயரை என்னிடம் சொன்னதில்லை. மறுநாள் காலை சேலத்துக்குப் போன் செய்து, “சரிங்க சார், நிற்கிறேன்” என்றேன். முன்மொழிபவர் அவரே. வழிமொழிய என்னோடு படித்த தோழி ஒருத்தி கையெழுத்துப் போட்டாள்.

தேர்தல் அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் விதிகளை முழுதாகப் படித்தேன். வேட்பாளர் தன்னைப் பற்றி மட்டும்தான் எழுதலாம். மற்ற வேட்பாளரை நேராகவோ மறைமுகமாகவோ குறிப்பிடக் கூடாது. சாதி, மதம், வட்டாரம் சொல்லி வாக்குக் கேட்கக் கூடாது. விருந்து கூடாது, பரிசு கூடாது. என் முதல் வரைவில் ‘கொங்கு மண்ணின் மகள்’ என்று ஒரு வரி இருந்தது. மனசில்லாமல்தான் அடித்தேன். அடித்த பிறகு, அந்த இடத்தில் எழுத என்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டியதாயிற்று. தனியாகத் தொழில் நடத்துகிற உறுப்பினருக்கு மாலை நேர வகுப்புகள் இன்னும் நிறைய வேண்டும். சின்ன ஊர் அலுவலகத்துக்கு ஆர்ட்டிகிள் மாணவர்கள் கிடைக்க வழி செய்ய வேண்டும். குழந்தை பெற்று இரண்டு மூன்று வருடம் விலகியிருந்த பெண்கள் திரும்பத் தொழிலுக்கு வரக் கைகொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் எழுதினேன். அந்த விதி இல்லாமலிருந்தால் ஊர்ப்பெயரோடு நின்றிருப்பேன்.

அந்த ஆண்டு வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கான கெடு அக்டோபர் 31 வரை நீண்டது. அதுவரை எந்த ஆடிட்டரிடமும் தேர்தல் பேச முடியாது, பேசவும் கூடாது. டிசம்பரில் வாக்குப்பதிவு. ஆக, கையில் இருந்தது நவம்பர் மாதம் மட்டும்தான். கரூர், திருப்பூர், மதுரை, சிவகாசி என்று போனேன். ஒவ்வொரு அலுவலகத்திலும் டீ வந்தது. என்னை உட்கார வைத்து அவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். பேசப் போனவள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாவது வாரம் தஞ்சாவூர், கும்பகோணம் போவதாக இருந்தது. நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தது. அந்த நிலைமையில் வாக்குக் கேட்டுப் போக மனம் வரவில்லை. பட்டியலில் இருந்தவர்களுக்குப் போன் செய்து நலம் மட்டும் விசாரித்தேன். கும்பகோணத்து ஆடிட்டர் ஒருவருக்குப் பேராவூரணி பக்கம் வாடிக்கையாளர்கள். தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்து, பில் புத்தகமும் கணக்கு நோட்டும் நனைந்து கூழாகிப் போனவர்களுக்கு எதை வைத்துக் கணக்கு எழுதுவது என்று கேட்டார். அன்று இரவு எட்டு மணிக்குத் தொடங்கி, வங்கி அறிக்கை, வாங்கினவர்களிடமிருந்து பில் நகல், கிராம நிர்வாக அலுவலர் சான்று என்று எதெதிலிருந்து கணக்கைத் திரும்பக் கட்டலாம் என்று இருவரும் போனிலேயே ஒரு பட்டியல் போட்டோம். முடியும்போது மணி பதினொன்று. வைக்கும் முன் அவர் சொன்னார்: “முதல் ஓட்டை வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டேன்மா. இரண்டாவது உங்களுக்குத்தான்.”

எங்கள் தேர்தல் முறை தெரியாதவர்களுக்கு இது ஆறுதல் வார்த்தையாகத் தெரியும். மாநிலங்களவைக்கு எம்எல்ஏக்கள் வாக்களிக்கும் அதே முறைதான் எங்களுக்கும். பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். செல்லும் வாக்குகளை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வகுத்து, வந்ததோடு ஒன்று சேர்த்தால் அதுதான் கோட்டா, ஒருவர் ஜெயிக்கத் தேவையான வாக்கு. 1,000 வாக்கு, 9 இடம் என்றால் 101. கோட்டாவைத் தாண்டியவரின் உபரி அடுத்த விருப்பத்துக்குப் போகும். கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டால் அவருடைய வாக்குச் சீட்டுகள், அவற்றில் அடுத்து எழுதியிருப்பவரிடம் போகும். முதல் விருப்பத்தில் பின்தங்கியவர் இரண்டாம், மூன்றாம் விருப்பங்களால் மேலே வந்து ஜெயித்ததும் உண்டு.

கும்பகோணத்துக்காரர் சொன்ன பிறகு நான் வாக்குக் கேட்ட விதமே மாறிப்போனது. முதல் பத்து நாள், ‘ஏற்கெனவே ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துட்டேன்’ என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி எழுந்துவிடுவேன். அதன் பிறகு எழவில்லை. “அவரும் நல்லவருங்க. அவருக்கு அடுத்து என்னை நினைச்சுக்குங்க” என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அப்படிச் சொல்ல வேண்டுமானால் அந்த இன்னொருவர் என்ன செய்திருக்கிறார் என்பதும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரைத் தாழ்த்திப் பேசிவிட்டு அவருடைய ஆதரவாளரிடம் இரண்டாவது இடம் கேட்க முடியாது. எதிரணி என்று ஒன்றே இல்லாத போட்டி இது. ஊரில் நான் பார்த்து வளர்ந்த தேர்தல்கள் எதுவும் இப்படி இருந்ததில்லை.

நான் ஜெயிக்கவில்லை. என் முதல் விருப்ப வாக்குகள் மூன்று இலக்கத்தைத் தாண்டவில்லை. எண்ணிக்கை நடந்தபோது அலுவலகத்தில் ஜிஎஸ்டி படிவங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். தோழிதான் ஒவ்வொரு சுற்றையும் வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றுக்குச் சுற்று நாலு, அஞ்சு என்று ஏறிக்கொண்டிருந்தேன். அந்தச் சின்ன ஏற்றங்கள் தந்த சந்தோஷத்தை என்னால் விளக்க முடியாது. யாரோ நீக்கப்படும்போது, அவருக்கு அடுத்து என்னை நினைத்த ஒரு முகம் தெரியாத மனிதர் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் இருந்தார். அப்புறம் ஒரு சுற்றில் என் பெயர் நீங்கியது.

முடிவுத் தாளை வீட்டில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். என் சீட்டுகளில் சில, அடுத்த எண் எழுதப்படாததால் அங்கேயே நின்றுவிட்டன. மற்றவை பல பேருக்குப் பிரிந்தன. அதிகம் போனது கோவை வேட்பாளர் ஒருவருக்கு. அவர் சில சுற்றுகள் கழித்துத் தேர்வானார்.

நான் வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுமுன் அவரே கூப்பிட்டார். “மேடம், உங்க ஓட்டு எனக்கு வந்திருக்குங்க. நீங்க ஊர் ஊரா ஏதோ நோட்டுல எழுதினீங்கன்னு சொன்னாங்க. அதைக் கொஞ்சம் அனுப்ப முடியுங்களா?” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். ஊர் வரிசைப்படி போடவில்லை. புயல் கதையைத்தான் முதலில் வைத்தேன்.