செட்டிநாட்டு சர்நேம் எங்கெங்க கிடக்கு

செட்டிநாட்டு ஆளுகளுக்கு, அதாவது காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் செட்டியாருகளுக்கு, சர்நேமே கிடையாது, வெறும் இனிஷியல்தான்னு யாராச்சும் சொன்னா எனக்கு சுர்ருன்னு ஏறிரும். கிடையாதுன்னு யாரு சொன்னது, எங்களுக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணு தலைமுறைக்கு ஒரு எழுத்து நகரும், இன்னொண்ணு எத்தனை தலைமுறை ஆனாலும் அசையாது. இதுல வேடிக்கை என்னன்னா, நகர்றத வீட்டு முகப்புலேர்ந்து ரங்கூன் வரைக்கும் போர்டு போட்டு எழுதி வச்சோம், அசையாதத கல்யாணம் பேசுறப்ப மட்டும் வாயத் தொறந்து சொல்லுவோம், மத்த நேரம் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது.

நகர்றதுக்குப் பேர் விலாசம், வீட்டு அட்ரஸ் இல்ல, அப்பா, தாத்தா பேரோட தலை எழுத்துக. தெரியாதவங்களுக்காக எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு ஆள வச்சே சொல்லிர்றேன். இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்க 1937 பிப்ரவரி 10ந் தேதி ஆரம்பிச்சவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன்னு மூணு ஊர்லயும் ஒரே நாள்ல கதவத் தொறந்த பேங்க் அது. அந்த எழுத்துகள பின்னாடிலேர்ந்து படிக்கணும். கடைசில இருக்க எம், அப்பா முத்தையா. நடுவுல இருக்க சிடி, ஐயா, அதாவது தாத்தா, சிதம்பரம். முதல்ல இருக்க எம், ஐயாவோட அப்பா, அவரும் முத்தையா. அதனாலதான் இவரோட அப்பா சர் முத்தையா செட்டியாருக்கு வெறும் எம்.சிடி., மகன் வந்ததும் ஒரு எழுத்து கூடிருச்சு. இப்படியே கூட்டிக்கிட்டே போனா பேர எழுதவே அரைப்பக்கம் ஆகும்ல, அதுனால ஒரு கட்டத்துல முன்னாடி இருக்க பழைய எழுத்த உதுத்துருவாங்க.

முத்தையா, சிதம்பரம், மறுபடி முத்தையா, மறுபடி சிதம்பரம்னு மாறி மாறி வர்றது தற்செயல் இல்ல. மூத்த மகனுக்கு அப்பாவ பெத்த ஐயா பேரு, அடுத்தவனுக்கு அம்மாவ பெத்த ஐயா பேரு, இதுதான் வழக்கம். புதுப் பேருக்கு எடமே கிடையாது. ஒரு தெருவுல நின்னு சாத்தப்பான்னு கூப்பிட்டா ஏழெட்டு பேர் திரும்பிப் பாப்பாங்க. அப்ப ஒத்த எழுத்து இனிஷியல் எப்படிப் பத்தும்? எஸ்னா சாத்தப்பனா சொக்கலிங்கமா சோமசுந்தரமா சுப்பையாவா? அதுக்குத்தான் ரெண்டு எழுத்து. ராமநாதனுக்கு ஆர்எம், பழனியப்பனுக்கு பிஎல், அழகப்பனுக்கு ஏஎல், கருப்பனுக்கு கேஆர், வீரப்பனுக்கு விஆர். தமிழ்ல எழுதுறப்ப ராம., பழ., அழ., கரு., வீர. டைரக்டர் எஸ்பி. முத்துராமனும் பேராசிரியர் சுப. வீரபாண்டியனும் கூடப்பொறந்தவங்கன்னு நிறைய பேருக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் அப்பா காரைக்குடி இராம. சுப்பையாதான். அவர் இங்கிலீஷ் பக்கமா நடந்தாரு, இவர் தமிழ் பக்கமா நடந்தாரு, எஸ்பியும் சுபவும் ஒரே மனுஷன்.

நெற்குப்பை எழுத்தாளர் சோமலெ கதை இன்னும் அழகு. அப்பா பேரு சோமசுந்தரம், தன் பேரு லெட்சுமணன், ரெண்டோட தலையையும் ஒட்டி புனைபேரே ஆக்கிட்டாரு. ஏவிஎம்ம எடுத்துக்கங்க, ஏவின்னா ரெண்டு பேர்னு நெனப்போம், இல்ல, ஆவிச்சிங்கற ஒரே பேரு. ஆவிச்சி மகன் மெய்யப்பன், அவ்வளவுதான் ஏவிஎம். தேவகோட்டை ரஸ்தாவுல ஷெட்டு போட்டு படம் எடுத்த காலத்துல அது அவரோட விலாசம். அப்புறம் கம்பெனி பேராச்சு, அப்புறம் மகன், பேரன் எல்லாருக்கும் ஒட்டிக்கிட்டு சர்நேம் மாதிரியே நின்னுபோச்சு. ஆவிச்சிங்கற பேர இப்ப எந்தப் புள்ளைக்கும் வைக்கக் காணோம், ஆனா அந்த ரெண்டு எழுத்து மட்டும் தமிழ்நாடு பூரா தெரியும்.

சரி, இது எங்கெங்க பரவுச்சுன்னு பாத்தா கப்பல் போன எடமெல்லாம். பர்மா, சிலோன், மலேயா, சைகோன், மேடான். 1929-30ல பர்மாவுல பேங்கிங் விசாரணை கமிட்டி ஒண்ணு போட்டாங்க, அவங்க கணக்குப்படி அங்க மட்டும் சுமார் 1650 செட்டியார் கடைங்க இருந்துச்சு. கடைன்னா வட்டிக்கடை. ஒவ்வொண்ணுக்கும் பேரு முதலாளியோட விலாசம்தான், ஆனா முதலாளி கானாடுகாத்தான்லயோ தேவகோட்டைலயோ உக்காந்துருப்பாரு, அங்க மூணு வருஷக் கணக்குக்குப் போன ஏஜெண்டு மேலாளு, அடுத்தாளு, பெட்டியடிப் பையன்னு ஒரு செட்டு வேல பாக்கும். அந்தப் பையன் பாத்து அறியாத ஒரு மனுஷனோட அப்பா, ஐயா பேர்ல ஒரு பர்மாக்காரர் நெலம் அடமானத்துல இருக்கும். யோசிச்சுப் பாத்தா கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. வெல வீழ்ச்சி வந்து கடன் திரும்பாம, 1938 வாக்குல கீழ் பர்மாவோட முக்கியமான 13 நெல்லு ஜில்லாவுல நாலுல ஒரு பங்கு நெலம் இப்படி எழுத்து எழுத்தா இருந்த பேருங்க கைக்கு வந்துருச்சு. அங்க இருந்த ஆளுக கோவப்பட்டதுல தப்பு சொல்ல எனக்கு வாய் வரல, எங்க வீட்டுப் பெரியவங்களுக்கு இது பிடிக்காது, பரவாயில்ல.

அந்தக் காலத்து ரங்கூன் ஹைகோர்ட் தீர்ப்புகள புரட்டுனா இந்த விலாசமெல்லாம் வரிசையா நிக்கும். வக்கீலுக்குப் படிச்சவங்களுக்கு 1927ல வந்த வி.இ.ஏ.ஆர்.எம். ஃபர்ம் கேஸ் தெரிஞ்சிருக்கும், எதிர்ப்பக்கம் மாங் பா கின்னு ஒரு பர்மாக்காரர். எனக்கு அந்தப் பேருமேல ஒரு கண்ணு. கோர்ட்டு டைப்பிஸ்ட்டு எழுத்துக்கு எழுத்து புள்ளி வச்சுட்டாரு. அது வெ., அ., ராம.-வா? இல்ல வெ., அரு., மு.-வா? ரெண்டுமே பொருந்தும், நடுவுல இருக்க ஆள் அண்ணாமலையா அருணாசலமான்னே மாறிப் போகுது. புள்ளி எங்க விழுதுங்கறதுலதான் தலைமுறை இருக்கு, அது தப்பா விழுந்தா ஒரு ஐயாவே காணாமப் போயிருவாரு.

பேப்பர்ல போனது போகட்டும், பாத்திரத்துல பாருங்க. கல்யாணத்துக்கு சாமான் பரப்புறப்ப ஒவ்வொண்ணுலயும் பேர் வெட்டித்தான் குடுப்பாங்க. சின்ன உளிய வச்சு தட்டித் தட்டி புள்ளி புள்ளியா, பித்தள அண்டால காது பக்கத்துல, எவர்சில்வர் தூக்குல மூடிக்கு உள்பக்கம், ஸ்பூன்ல காம்புக்கு அடில. கை வச்சு தடவுனா லேசா நெருடும். எங்க அப்பத்தாவோட பணியாரச்சட்டில பின்பக்கம் கரி ஏறி எழுத்தே தெரியாது, புளி போட்டுத் தேச்சா மட்டும் மூணு எழுத்து மேல வரும், அப்பத்தாவோட ஆத்தா வீட்டு விலாசம் அது. இப்ப காரைக்குடில முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைங்க இருக்குல்ல, அங்க போனா யார் யார் வீட்டு விலாசமோ குமிஞ்சு கிடக்கு. பாகம் பிரிச்சு, வீட்ட இடிச்சு, எடைக்குப் போட்டது. நான் போனா சாமான விட எழுத்தத்தான் படிப்பேன், கடைக்கார அண்ணன் இந்த ஆச்சி வாங்காதுன்னு முடிவு பண்ணி டீ குடிக்கப் போயிருவாரு. மணிப்பால் வரைக்கும் கூட நம்ம வீட்டுத் தூணுங்க மியூசியமாப் போயி நிக்குது, அண்டா எம்மாத்திரம்.

இப்ப அசையாததுக்கு வருவோம். நகரத்தாருக்கு ஒம்பது கோயில். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. குடியிருக்க ஊருக்கும் கோயிலுக்கும் சம்பந்தமில்ல, கானாடுகாத்தான்ல ஒரே தெருவுல நாலு கோயில்காரங்க இருப்பாங்க. ஒரே கோயில்னா பொதுவா பங்காளி, பொண்ணு குடுத்து எடுக்கறதில்ல. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் ரெண்டு கோயிலா இருந்தாலும் அண்ணன் தம்பி மொறை, அங்கயும் கிடையாது. பெரிய கோயிலுக்குள்ள பிரிவு வேற இருக்கு. இளையாத்தங்குடில ஏழு: ஒக்கூருடையார், பட்டணசாமியார், பெருமருதூருடையார், கழனிவாசக்குடியார், கிங்கிணிக்கூருடையார், பேரசெந்தூருடையார், சிறுசேத்தூருடையார். மாத்தூர்லயும் ஏழு, அதுல உறையூர், மணலூர், மண்ணூர், கண்ணூர், கருப்பூர், குளத்தூர்னு வரும்.

பாத்தீங்கன்னா எல்லாமே ஊர் பேரு. உலகத்துல நிறைய எடத்துல பழைய சர்நேம் பலதும் ஊர் பேர்லேர்ந்து வந்ததுதான், இதுவும் அதே சரக்குதான். காவிரிப்பூம்பட்டினத்துலேர்ந்து கெளம்பி பாண்டிய நாட்டுக்கு வந்தோம்னு எங்க ஆளுக சொல்ற வரலாறு, அது எப்படி வேணா இருக்கட்டும், உறையூர்னு சொன்னா திருச்சி பக்கம் இருக்க உறையூர்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. கிங்கிணிக்கூர்னு சொன்னா எனக்கு எந்த ஊரும் ஞாபகம் வரல, ஆனா சொல்லிப் பாருங்க, கொலுசு மாதிரி இருக்கு. இந்தப் பேரு எந்த போர்டுலயும் இருக்காது, எந்த பாஸ்போர்ட்லயும் இருக்காது, பாத்திரத்துலகூட வெட்ட மாட்டாங்க. கல்யாணம் நிச்சயம் ஆனா கோயில்லேர்ந்து மாலை வரணும், இசைபிடிமானம்னு கல்யாண ஒப்பந்தம் எழுதணும், அப்பத்தான் எந்தக் கோயில் எந்தப் பிரிவுன்னு வெளிய வரும். கட்டிக்கிட்டவன் கோயில்ல ஒரு புள்ளி, புள்ளின்னா கோயில் கணக்குல ஒரு குடும்பம். நான் பொறந்தது மாத்தூர் மணலூருடையார், வாக்கப்பட்டது இளையாத்தங்குடி, மால விழுந்த அன்னைக்கு நானும் கோயில் மாறிட்டேன். விலாசமும் மாறுச்சு. கேக்காமயே.

வெளிநாடு போனவங்க கதி வேற. எங்க சொந்தத்துலயே ஒரே ஐயாவுக்குப் பேரன்க, மலேசியாவுல இருக்கவனுக்கு பேருக்கு நடுவுல ஏ/எல், மலாய்ல மகன்னு அர்த்தம், சிங்கப்பூர்ல இருக்கவனுக்கு எஸ்/ஓ, சென்னைல இருக்கவனுக்கு ஒத்த இனிஷியல், அமெரிக்காவுல இருக்கவனுக்கு அப்பா பேரே லாஸ்ட் நேம். பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்த காலியா விட்டுப் போனா அமெரிக்கா விசால முதல் பேரு எடத்துல எப்என்யூன்னு அடிச்சுத் தருவாங்க, முதல் பேரு தெரியாதுன்னு அர்த்தமாம். பேரு தெரியாதவனா ஆறு மாசம் ஆபீஸ் போனவங்க எனக்குத் தெரியும்.

செட்டியார்னே போட்டுக்கலாமேன்னு சில பேரு போட்டுக்கறாங்க. எனக்கு அதுல இஷ்டமில்ல, பட்டத்த பேராக்குறது ஒரு பக்கம், இன்னொண்ணு அதுல குழப்பமும் ஜாஸ்தி. பேர் மேப்புன்னு இன்டர்நெட்ல பாத்துட்டு டர்பன்ல இத்தன செட்டி இருக்காங்க, எல்லாம் காரைக்குடிக்காரங்கன்னு குடும்ப குரூப்ல ஒருத்தர் பார்வேர்ட் போட்டாரு. அவங்க 1860லேர்ந்து கரும்புத் தோட்டத்துக்கும் யாவாரத்துக்கும் தென்னாப்பிரிக்கா போனவங்க வம்சம், பெரும்பாலும் நமக்குச் சம்பந்தமில்லாத ஆளுக. மலாக்கா செட்டிங்க சுல்தான் காலத்துலேர்ந்து அங்க இருக்கவங்க, வீட்டுல மலாய் பேசறவங்க. கொழும்பு செட்டி இன்னொரு கூட்டம். மேப்புல எல்லாம் ஒரே கலர்ல தெரியும், அவ்வளவுதான்.

இதெல்லாம் நான் இப்ப நெனச்சுப் பாக்கக் காரணம் என் அண்ணன் மகன். டல்லாஸ்ல இருக்கான், பாஸ்போர்ட்ல அண்ணன் பேரு சாத்தப்பன் அவனுக்கு லாஸ்ட் நேம். போன மாசம் மூத்தது ஆம்பளப் புள்ள. வழக்கப்படி ஐயா பேரு வைக்கணும். ஐயா யாரு, அதே அண்ணன்தான். அப்ப புள்ளைக்கு முழுப்பேரு சாத்தப்பன் சாத்தப்பன்! ராத்திரி வீடியோ கால்ல "அத்தை, இது கம்ப்யூட்டர் தப்புன்னு திருப்பி அனுப்பிருவாய்ங்க"ங்கறான். அண்ணனுக்கோ ஐயா பேர விட முடியாது, மருமகளுக்கோ சிரிப்பு அடங்கல. நான்தான் சொன்னேன், முன்னாடி சாத்தப்பன் இருக்கட்டும், பின்னாடி மணலூர்னு போடுடா, உடையார வெட்டிரு, அங்க வாய்ல நுழையும், ஸ்பெல்லிங்கும் சின்னது. அண்ணன் ஒரு நாள் பூரா பேசல. அது சாமி சன்னிதில சொல்ற பேரு, பள்ளிக்கூடத்துல வருகைப்பதிவுல கூப்பிடுறதுக்கான்னு கேட்டாரு. அப்புறம் ஆத்தா, அதாவது எங்க அம்மா, இம்புட்டு நாளும் ஒளிச்சு வச்சு என்னத்தக் கண்டோம்னு ஒரே வார்த்த சொன்னாங்க, அடங்கிட்டாரு.

மணலூர்னே பதிஞ்சாச்சு. இப்ப அப்பனுக்கு ஒரு லாஸ்ட் நேம், மகனுக்கு ஒரு லாஸ்ட் நேம், ஏர்போர்ட்ல புள்ள யாருதுன்னு கேட்டா காட்டணும்னு பர்த் சர்டிபிகேட் காப்பி ஒண்ண மருமக டயப்பர் பையிலயே சொருகி வச்சுருக்கா.