ஒப்பிடுக என்றால் ஒப்பிட வேண்டும்

விலங்கியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாதிரித் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி: எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியையும் சுவரில் மண்கூடு கட்டும் குளவியையும் ஒப்பிடுக. ஒன்றரைப் பக்கம் வண்ணத்துப்பூச்சி, அப்புறம் அரைப் பக்கம் குளவி எழுதினேன். மூன்றரைதான் கிடைத்தது. ‘இரண்டு கட்டுரை இருக்கிறது, ஒப்பீடு எங்கே?’ என்று ஓரத்தில் சிவப்பு மை.

அதைவிட வெட்கம் இன்னொரு பிழையில். குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போல ஆக்கிவிடும் என்று பாட்டி சொன்னது மனதில் இருந்ததால், கூட்டுக்குள் புழுவை வைக்கும் என்று எழுதிவிட்டேன். பிறகு ஜன்னலோரக் கூடு ஒன்றை உடைத்துப் பார்த்தால், அறை அறையாகச் சிலந்திகள்! செத்தவை மாதிரி கிடந்தன, கால் மட்டும் லேசாக அசைந்தது. கொட்டி முடக்கிப் போட்டிருக்கிறது. குளவியின் புழு தின்று முடிக்கும்வரை இரை கெடாது. பானை வடிவக் கூடு கட்டும் குளவிகள்தான் கம்பளிப்புழு போன்றவற்றைக் கொண்டுவரும். கேள்வியில் இருந்ததோ சிலந்தி பிடிக்கும் மண்கூட்டுக் குளவி, அறிவியல் பெயர் ஸெலிஃப்ரான் மதராஸ்பட்டானம். நம் மதராஸ் பெயரைச் சுமக்கும் பூச்சியிலேயே கோட்டைவிட்டேன்.

சரி, எப்படி எழுதுவது? தாளின் நடுவே கோடு போடுங்கள். ஆறு கால், முழு உருமாற்றம் (முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி) போன்ற ஒற்றுமைகள் இரண்டு வரிக்குமேல் வேண்டாம். பிறகு ஒரே உறுப்பை எதிரெதிரே வையுங்கள். வண்ணத்துப்பூச்சிப் பக்கம் சுருள் உறிஞ்சுகுழல் என்றால் குளவிப் பக்கம் மண்ணைக் குழைக்கும் தாடை. செதில் மூடிய இறக்கைக்கு எதிரே, நுண்கொக்கிகளால் பின்னிறக்கையை முன்னிறக்கையோடு மாட்டிக்கொள்ளும் சவ்விறக்கை.

மதிப்பெண் குவிவது இளம்பருவத்தில்தான். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி (பாப்பிலியோ டெமோலியஸ்) எலுமிச்சை இலையிலோ கறிவேப்பிலையிலோ முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். புழு தானே தின்று, தன்னைத் தானே காக்க வேண்டும். அதனால் மூன்று இணை உண்மைக் கால், ஐந்து இணை போலிக் கால். சிறுவயதில் பறவை எச்சம் போன்ற வேஷம். சீண்டினால் தலைக்குப் பின்னால் நீளும் நாற்றமடிக்கும் கவட்டுக் கொம்பு. குளவிப் புழுவுக்குக் காலே கிடையாது. சாப்பாட்டோடு பூட்டிய அறையில் இருப்பவனுக்குக் கால் எதற்கு? இந்தக் காரணத்தை ஒரு வரி எழுதிவிடுங்கள். பலரும் வித்தியாசத்தைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள்.

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிக்கு வால் வரையாதீர்கள். குடும்பத்தில் பலருக்கு உண்டு, இதற்கு இல்லை.

பல்கலைத் தேர்வில் எனக்கு வந்தது கரப்பானும் கொசுவும். நடுவே கோடு போட்டுத்தான் ஆரம்பித்தேன்.